தில்லைக் காப்பு

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். இந்த வாய் மட்டும் இல்லாவிட்டால், ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு மறு வருஷம் அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் எங்கள் ஊரில் பாதிப் பேர் வாய் வெந்து கிடந்திருப்பார்கள். என் மனுசனுக்கு வாயே கிடையாது. சோறு தின்னத் திறப்பார், மரம் தின்னத் திறப்பார், அவ்வளவுதான்.

மரம் தின்பது என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் பெயர் அழகரத்தினம். அகப்பை, மத்து, துடுப்பு, மரவைக் கிண்ணம் என்று அடுப்படிக்கு வேண்டிய மரச் சாமான் செய்கிறவர். ஒரு கட்டை கைக்கு வந்தால் உளியை எடுக்கமாட்டார். முதலில் ஒரு சீவலைச் சுடு கஞ்சியில் நனைத்து, மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு வேறு வேலை பார்ப்பார். பொழுது சாய அவிழ்த்துத் தோலைப் பார்ப்பார். தோலுக்கு ஒன்றும் இல்லையென்றால் மறுநாள் நாலு சீவலைச் சட்டியில் கொதிக்க வைத்து, தண்ணீர் நிறம் மாறுகிறதா, மணக்கிறதா என்று பார்ப்பார். அதிலும் தேறினால் கடைசியாக ஒரு சீவல் வாய்க்குள் போகும். மாடு அசைபோடுவது போல மென்றுகொண்டே இருப்பார். கலியாணமான புதிதில் இந்த மனுசனுக்கு ஏதும் கோளாறோ என்று நான் பயந்துபோனேன்.

இப்படிப் பார்த்துப் பார்த்து அவர் வைத்துக்கொண்ட மரங்கள் கொஞ்சம். அகப்பைக்குப் பூவரசு, மத்துக்குப் புளி, மரவைக்குப் பலா, சின்னக் கரண்டிக்கு விளாத்தி. வேம்பு கசக்கும், வேண்டாம். அதோடு விட்டிருக்கலாம். முதிரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முதிரை என்றால் உயிர். கதவு முதிரை, பெட்டகம் முதிரை, மாப்பிள்ளைக் கட்டில் முதிரை. அரியும்போது தூள் பட்டாலே சொறிகிற மரம், அதை வாய்க்குள் விடாதீர்கள் என்றார் இவர். அன்றைக்கே கோணாமலையாரின் பகையைத் தேடிக்கொண்டார்.

கோணாமலையார் எங்கள் ஊர்த் தச்சர். வண்டில், ஏர், கதவு எல்லாம் அவர் கைதான். சடங்குக்கு வேண்டிய அகப்பைகளும் முப்பது வருஷமாக அவர் கைதான். கெட்ட மனுசன் என்று சொல்லமாட்டேன். ஆனால் காட்டில் முளைக்கிற எதையும் தன்னை விட ஒருவன் கூடத் தெரிந்து வைத்திருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். அதிலும் என் மனுசன் எழுவான்கரை ஆள். மட்டக்களப்பு வாவிக்குச் சூரியன் உதிக்கிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் எங்கள் படுவான்கரை. செட்டிபாளையத்தில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வளர்ந்தவர், எங்கள் வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊர் கொக்கட்டிச்சோலைக்கு அங்கால், இரண்டு வட்டை வயல் நடந்தால் வரும். எங்கள் ஆட்களுக்குக் காட்டு மரம் அத்துப்படி. அவர்களுக்குத் தண்ணீர் ஓரத்து மரம் அத்துப்படி. அடுத்த கரைக்காரனுக்குத் தெரிந்ததை ஒரு பொருட்டாக எண்ண இரண்டு பக்கமும் ஆள் இல்லை.

அந்தச் சடங்குக்கு முந்திய மாரி வெள்ளத்தில் அம்மன் கோயில் துறையில் ஒரு கட்டை வந்து ஒதுங்கியது. ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன். பட்டை முழுக்கத் தண்ணீரில் உரிந்து, தேங்காய்ப் பூப் போல வெள்ளையாகக் கிடந்தது. வாவி இவ்வளவு அகலம் கிடக்க, நேரே கோயில் துறைக்கு வந்திருக்கிறதே என்று ஊர் முழுக்கப் போய்ப் பார்த்தது. யாரோ மஞ்சள் பூசினார்கள். யாரோ பூ வைத்தார்கள். கோணாமலையார் விரலால் தட்டிப் பார்த்து, கடம்பு என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு என்ன, அம்மனே சடங்குக்கு மரம் அனுப்பியிருக்கிறாள் என்று ஆகிவிட்டது. ஐந்து மாதம் அதைக் கோயிலடியிலேயே உலர வைத்தார்கள். கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் கந்தப்போடி, எனக்கு அம்மான் முறை, ஊரைக் கூட்டிச் சொன்னார்: இந்த வருஷம் பொங்கல் கிண்டுகிற துடுப்பு, பரிமாறுகிற அகப்பை, குழந்தைகளுக்குச் சோறு தீத்துகிற கரண்டி, எல்லாம் இந்தக் கட்டையில்தான்.

சோறு தீத்துவது, அதாவது ஊட்டுவது, எங்கள் கோயிலில் பெரிய காரியம். பல் முளைக்கிற பருவத்துக் குழந்தைகளுக்கு முதற்சோறு சடங்கன்று அம்மன் முன்னால்தான். ஒவ்வொரு குழந்தைக்கும் புதிதாக ஒரு மரக்கரண்டி. அந்த வருஷம் ஒன்பது குழந்தைகள். அதில் ஒன்று என் மகள். இன்னொன்று கோணாமலையாரின் பேத்தி.

சடங்குக்கு ஆறு நாள் இருக்கும்போது நானும் என் மனுசனும் கோயிலுக்குப் போனோம். கோணாமலையார் மண்டபத்தில் இருந்து செதுக்கிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. கீழுதடும் தடித்திருந்தது. என்ன அண்ணன் இது என்று கேட்டேன். வீட்டில் ஈர விறகு, புகை அடித்துவிட்டது என்றார். என் மனுசன் கீழே கிடந்த சீவல் ஒன்றை எடுத்தார், மூக்கருகே கொண்டுபோனார், ஒரு துணித்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். நேரே துறைக்கு இறங்கி மணலைப் போட்டு மூன்று தரம் கை கழுவினார்.

வீட்டுக்கு வந்தும் சோறு தின்னவில்லை. நான் விடுகிற ஆளா. அரைமணி நேரம் நச்சரித்த பிறகுதான் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. தில்லை.

தில்லையை அறியாதவர் வாவியோரத்தில் யார் இருக்கிறார்கள். ஒரு கிளை ஒடித்தால் பால் தெறிக்கும், கண்ணில் பட்டால் கண் போகும், விறகாக எரித்தால் புகையே கண்ணைக் கெடுக்கும். ஆனால் இலையும் பட்டையும் பாலும் உள்ள தில்லையைத்தான் எங்கள் ஊரார் அறிவார்கள். அதைக் கண்டால் பத்து முழம் விலகிப் போவார்கள். அப்படி விலகி விலகிப் போனதாலேயே, உரித்து உலர்ந்த தில்லைக் கட்டை எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. என் மனுசனுக்குத் தெரியும். சிறுவயதில் தில்லை வெட்டப் போய்ப் பதினொரு நாள் கண் தெரியாமல் கிடந்தவர் அவர்.

அன்று பின்னேரமே தனியாகப் போய்க் கோணாமலையாரிடம் மெல்லச் சொல்லியிருக்கிறார். ஊருக்குத் தெரிய வேண்டாம், என்னிடம் உலர்ந்த பூவரசு இருக்கிறது, நீங்களே செதுக்குங்கள், பெயரும் உங்களுக்கே இருக்கட்டும் என்று. இப்படி ஒரு மனுசன். கோணாமலையாரோ, உப்புத் தண்ணீரில் முளைத்தவன் எனக்கு மரம் படிப்பிக்க வந்துவிட்டான் என்று கத்தி, அம்மன் தந்த கட்டையை நஞ்சு என்று பழிக்கிறான் என ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்.

மறுநாள் காலை வண்ணக்கர் ஆள் அனுப்பினார். கோயில் மண்டபம் நிறைய ஆட்கள். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்களோடு நின்றேன். வண்ணக்கர் அதிகம் சுற்றி வளைக்கவில்லை. சொன்னது மெய் என்றால் காட்டு, காட்ட முடியாவிட்டால் உச்சிப் பொழுது ஓடத்தில் உன் கரைக்குப் போய்விடு, இனி இந்த ஊரில் உளி பிடிக்கக் கூடாது என்றார். போவதென்றால் நானும் குழந்தையும் கூடத்தான் போவோம், அது வேறு. நாங்கள் போன பிறகு அந்தக் கரண்டிகளால் எட்டுக் குழந்தைகளுக்குச் சோறு தீத்துவார்களே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

என் மனுசன் இடது கையை நீட்டினார். முதல்நாள் மாலையே அந்தச் சீவலைக் கட்டியிருந்தார். மணிக்கட்டின் உள்பக்கம் தோல் சிவந்து, நீர் கோத்துக் கொப்பளித்திருந்தது. பார்த்தவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள். கோணாமலையார் மட்டும் சிரித்தார். மரமுந்திரிகைக் கொட்டையை உடைத்து எண்ணெய் பூசினால் யார் கைக்கும் இப்படி வரும், பாவம், இவருக்குச் சடங்கு அகப்பை செய்கிற ஆசை என்றார். ஊர் அதைக் கேட்டுத் தலையாட்டியது. என் மனுசன் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள். வாயை மூடிக்கொண்டு நின்றார். வண்ணக்கர் துறைப் பக்கம் பார்த்தார். ஓடம் கட்டித்தான் கிடந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு ஆண்கள் நடுவில் போய் நின்றேன். அங்கே பெண்கள் போவதில்லை. யாரோ என்னைத் தடுக்கப் பார்த்தார்கள். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"அம்மான், இது அம்மன் தந்த கட்டை எண்டு நீங்க சொல்லுறீங்க. அப்ப அதக் கையில கட்டப் பயம் என்னத்துக்கு? காப்புக் கட்டுறாப்போல கப்புகனார் கட்டட்டும். என்ட மனுசன்ட கையில வேணாம். கோணாமலையண்ணன்ட கையில கட்டட்டும்."

சடங்கு தொடங்கும்போது பூசை செய்கிற கப்புகனார், பொறுப்பானவர்களின் கையில் மஞ்சள் துண்டு வைத்து நூலால் காப்புக் கட்டுவது எங்கள் வழமை. அந்தக் காப்பைக் கட்டியவர் பொய் சொல்லக் கூடாது, இடையில் அவிழ்க்கவும் கூடாது. வண்ணக்கர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு யோசித்தார். மறுப்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை. கோணாமலையார் யோசிக்கவே இல்லை. இரண்டு கையையும் நீட்டிவிட்டார். அவர் கண்டது கடம்பு, அவருக்கு என்ன பயம்.

நான் அதோடு விடவில்லை. வலக்கையில் துறைக்கட்டையின் சீவல், இடக்கையில் என் மனுசனின் பூவரசுச் சீவல், இரண்டும் ஒரே கஞ்சியில் நனைத்தது என்றேன். சீவல்களை வண்ணக்கரே தன் கையால் சீவினார். கஞ்சி கோயில் மடைப்பள்ளியிலிருந்து சுடச்சுட வந்தது. கப்புகனார் மஞ்சள் நூலால் இரண்டையும் கட்டினார். வெயில் சாய்ந்து மண்டபத்தின் இரண்டாம் தூணைத் தொடும்போது அவிழ்ப்பது என்று பேச்சு. அதுவரை கோணாமலையார் எழும்பக் கூடாது என்றார்கள். வீட்டுக்கு ஒருவரும் போகவில்லை.

அன்றைக்கு ஊரில் எத்தனை அடுப்பு மூட்டாமல் கிடந்தது என்று கணக்கில்லை. வயலுக்குப் போனவர்களும் திரும்பி வந்து குந்தினார்கள். நான் அவருக்கு நேர் எதிரே இருந்து கண்ணை எடுக்காமல் பார்த்தேன். முதலில் கோணாமலையார் கதை சொன்னார். காட்டில் யானை துரத்திய கதை, நானே நாலு தரம் கேட்ட கதை. வெயில் ஏற ஏறக் கதை குறைந்தது. உச்சிப் பொழுதில் ஒருத்தி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இடக்கையால் வாங்கினார். வலதுகைக்காரர் ஏன் இடக்கையால் வாங்குகிறார் என்று நான் பக்கத்தில் இருந்தவளை இடித்தேன். அவளும் பார்த்தாள், அடுத்தவளை இடித்தாள். கொஞ்ச நேரத்தில் பெண்கள் அத்தனை பேரும் அந்த வலக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். மனுசன் சொறியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும், நெற்றி வியர்த்து ஒழுகியது, விரல்கள் தாமாகத் துடித்தன, ஆனாலும் காப்புக்கு மரியாதை கொடுத்து ஒரு தரம் கூடச் சொறியவில்லை.

வெயில் இரண்டாம் தூணைத் தொட்டது. கப்புகனார் முதலில் இடக்கையை அவிழ்த்தார். பூவரசு இருந்த இடம் ஈரத்தில் கொஞ்சம் வெளுத்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை. வலக்கையை அவிழ்க்கக் குனிந்தபோது கோணாமலையார் தானே நூலை இழுத்தார். சீவல் கீழே விழுந்தது. கை பழுத்த மிளகாய் நிறத்தில் வீங்கிக் கொப்பளம் கொப்பளமாகக் கிடந்தது.

அவர் கையைப் பார்க்கவில்லை. தூண் அடியில் அவர் செதுக்கி அடுக்கி வைத்திருந்த ஒன்பது சின்னக் கரண்டிகளைப் பார்த்தார். எழும்பி நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"தில்லைதான். தம்பி சொன்னது சரி. என்ட பேத்திக்கு நான் இதால சோறு தீத்தப் பாத்தன்."

அவ்வளவு நேரமும் அவரை வறுத்தெடுக்க என்னென்ன பேச்சு மனதில் சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையையும் அங்கேயே விட்டேன். அவ்வளவு பெரிய சபையில் தன் பிழையைத் தானே சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும். அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

அதற்குள் இளவட்டங்கள் கட்டையையும் அகப்பைகளையும் இழுத்துப்போய்க் குவித்து, தீ வைக்கக் கொள்ளி கொண்டுவந்துவிட்டார்கள். அப்போதுதான் என் மனுசன் வாயைத் திறந்தார். கலியாணம் முடித்து ஏழு வருஷம், அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை.

"எரிக்காதீங்க! ஊர் முழுக்கக் கண் போயிரும்."

கொள்ளியைப் போட்டுவிட்டுத் திக்குத் திக்காக ஓடினார்கள். வண்ணக்கர் அம்மானும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நான் பார்த்தேன். கொள்ளியை மிதித்து அணைத்துவிட்டு, ஊருக்கு வெளியே ஆழமாகக் கிடங்கு வெட்டிப் புதைக்கச் சொன்னார் என் மனுசன். வெட்டுகிறவர்கள் கையில் துணி சுற்றிக்கொள்ள வேண்டும், பிறகு மணல் போட்டுக் கழுவ வேண்டும் என்றார். சொன்னபடி செய்தார்கள். ஏழு வருஷமாக அவர் சொல்லி ஒரு வேலியைக் கூட நகர்த்தாத ஊர்.

சடங்குக்கு ஐந்து நாள். மரம் வேண்டும், அதுவும் உலர்ந்த மரம். எங்களிடம் இருந்த பூவரசு பாதிக்குத்தான் போதும். அடுத்த நாள் விடிய எங்கள் வீட்டு வளவில் ஊரே நின்றது. ஒருவர் புளியங்கட்டையில் செய்த பழைய ஏர்ப்பிடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒருத்தி பலாப்பலகை அலுமாரித் தட்டை உருவிக்கொண்டு வந்தாள். விளாத்தி, நாவல், பூவரசு என்று வளவு நிறைந்தது. என் மனுசன் ஒவ்வொன்றாகச் சீவி மணந்தார், சந்தேகம் உள்ளதை ஒதுக்கினார், நேரம் போதாதென்று இரண்டு கையிலும் நாலு நாலு சீவலைக் கட்டிக்கொண்டார். வண்ணக்கர் தன் வீட்டிலிருந்து வழுவழுவென்று ஒரு முதிரைக் குற்றியைத் தூக்கி வந்தார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. என் மனுசன் அதைத் தடவிப் பார்த்து, நல்ல மரம், கதவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேலிக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

உச்சியில் கோணாமலையார் வந்தார். வலக்கையில் துணி சுற்றியிருந்தது. உளி பிடிக்க முடியாது, மரம் அரிகிற வாள் இழுக்க இடக்கை போதும் என்றார். என் மனுசன் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் பாய் போட்டார். நாலு நாளும் ஒருவர் வெட்டிக் கொடுத்தார், ஒருவர் செதுக்கினார். எண்ணெய் பூசுகிற வேலை என்னுடையது. தேங்காயெண்ணெய் தவிர எதையும் தொடக் கூடாது என்று எனக்கும் ஒரு உத்தரவு. ஊருக்கு உத்தரவு போட்ட வாய் எனக்கும் போட்டுப் பார்த்தது. சரி போகட்டும் என்று விட்டேன்.

சடங்கன்று மூன்று கிடாரத்தில் பொங்கல் பொங்கியது. துடுப்பு நாலும் புளி, அகப்பை பன்னிரண்டும் பூவரசு. அம்மனுக்குப் படைத்த பிறகு முதல் அகப்பை வண்ணக்கர் வீட்டுக்கு என்பதுதான் வழமை. அன்றைக்குக் கந்தப்போடி அம்மான் அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, செய்தவன் வீட்டாருக்கு முதலில் என்றார். கூட்டம் விலகி வழி விட்டது. நான் என் மகளைத் தூக்கிக்கொண்டு அந்த வழியால் நடந்தேன். கலியாணத்தன்று கூட நான் அப்படித் தலை நிமிர்ந்து நடக்கவில்லை.

ஒன்பது குழந்தைகளையும் வரிசையாக மடியில் வைத்துக்கொண்டு இருந்தோம். சோறு தீத்துவது தாய்மாமன் வேலை. அன்றைக்கு மாமன்மார் ஒன்பது பேரும் பேசி வைத்தது போல, விளாத்திக் கரண்டிகளை என் மனுசனிடமே நீட்டினார்கள். அவர் என் மகளுக்கு முதலில் தீத்தினார். அவள் சோற்றை விழுங்கிவிட்டுக் கரண்டியைக் கடித்துக்கொண்டாள். இழுத்தும் விடவில்லை. அடுத்தது கோணாமலையாரின் பேத்தி. கிழவர் குனிந்து குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அது சப்புக்கொட்டிச் சிரித்தது. அவர் துணி சுற்றிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

ஒன்பதாவது குழந்தையும் தின்று முடிந்தது. ஊர் முழுக்க இலை போட்டு இருந்து தின்றது. நான் எழும்பி, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மண்டபத்தின் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்பு வரை நடந்து ஒவ்வொரு பந்தியிலும் கேட்டேன், யாருக்காவது வாய் எரிகிறதா என்று. ஒருவருக்கும் எரியவில்லை.